‘ஆள்’ என்னும் சொல்லும் விலங்குகளின் சட்டத்தகுதியும்

முன்னுரை

அறிவுடைய விலங்குகளுக்குச் சட்ட உரிமை உண்டா என்னும் வினா, இந்திய நீதிமன்றங்களில் ‘பெர்சன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளெல்லையைச் சார்ந்தே எழுந்துள்ளது. அச்சொல்லை நாம் ‘ஆள்’, ‘நபர்’ என்றும், சில இடங்களில் ‘மனிதர்’ என்றும் பெயர்க்கிறோம். இவை ஒருபொருட் சொற்கள் அல்ல என்பதை வரலாற்று நோக்கில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் வரலாறு

இலத்தீன் ‘பெர்சோனா’ நடிகர் அணியும் முகமூடியைக் குறித்தது; பின்னர் ஒருவர் ஏற்கும் பங்கையும் நிலையையும் குறிக்கலாயிற்று. ‘நபர்’ அரபுச் சொல். பாரசீகத்தில் மக்களை எண்ணப் பயன்படும் அச்சொல்லே ஒட்டகங்களை எண்ணவும் பயன்படுகிறது. தமிழ் ‘ஆள்’ என்பதற்கு அடிமை என்னும் பொருளும் இருந்தது; ‘ஆளோலை’ அடிமை ஆவணமாகும். உரிமையற்றவரைச் சுட்டிய சொல்லே இன்று உரிமை பெறத்தக்கவரைச் சுட்டுகிறது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இலக்கண மரபு

தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் பகுத்தது. நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தது. 1925இல் பிரிவி கவுன்சில் இந்துத் தெய்வத் திருமேனியைச் சட்டமுறை ஆளாக ஏற்றது இப்பகுப்போடு ஒத்திருப்பது தற்செயலே. ஏனெனில், இலக்கணத்தில் அஃறிணையாகிய நிறுமமும் 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டப்படி ‘ஆள்’ ஆகும். திணை வேறு, சட்டத்தகுதி வேறு.

அறிவும் திணையும் கூட ஒன்றல்ல. மரபியல் மக்களை ஆறறிவுயிர் என்கிறது; இளம்பூரணர் பாடமோ விலங்கினத்துள் சிலவற்றையும் அவ்வகையில் அடக்குகிறது. எனினும் அவ்விலங்குகள் அஃறிணையாகவே நின்றன.

நீதிமன்ற மரபு

1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளின் துன்பத்தைத் தவிர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. அறிவை அளவுகோலாக்கும் போக்கு 2013இல் வெளிப்பட்டது. டால்ஃபின் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்த நடுவண் அரசின் சுற்றறிக்கை, அவற்றின் நுண்ணறிவைச் சுட்டி, ‘மனிதரல்லாத ஆள்’ என அவற்றைக் கருதவேண்டும் என்னும் அறிவியலாளர் கருத்தை எடுத்துரைத்தது. 2014இல் நாகராஜா வழக்கில் உச்சநீதிமன்றம், அரசமைப்பின் 21ஆம் உறுப்பிலுள்ள ‘உயிர்’ என்னும் சொல்லுக்கு விலங்குயிரையும் தழுவும் விரிந்த பொருள் கண்டது. 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றமும் 2019இல் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றமும் விலங்கினம் முழுவதையும் சட்டமுறை ஆளாக அறிவித்தன.

2023 மே 18 அன்று, சல்லிக்கட்டு தொடர்பான திருத்தச் சட்டங்களை ஏற்ற உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மாறுபட்டது. 21ஆம் உறுப்பின் பாதுகாப்பு ‘குடிமக்க’ளுக்கு மட்டுமன்றி ‘ஆள்’ எவருக்கும் உரியதாயினும், விலங்குகளுக்கு அடிப்படை உரிமை வழங்கிய முன்தீர்ப்பு இல்லை என அது கூறியது.

முடிவுரை

திருமேனியும் நிறுமமும் அறிவுத் தேர்வு எதுவுமின்றியே ஆள் தகுதி பெற்றன. எனவே விலங்குக்கு மட்டும் நுண்ணறிவை நுழைவுத் தகுதியாக்குவது சட்ட வரலாற்றோடு பொருந்தாது. உரிமை வழங்குவதா, மறுப்பதா என்பது நீதிமன்றமும் சட்டமன்றமும் முடிவுசெய்ய வேண்டியது. ஆயின், ‘பெர்சன்’ என்பதை ‘மனிதர்’ எனப் பெயர்த்தால் வழக்கு கேட்கப்படுமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். 2013ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் தொடரும் ‘மனிதரல்லாத மனிதர்’ எனப் பொருளிழக்கும். ‘ஆள்’ என்னும் சொல்லைச் சட்டத்தகுதிக்கும் ‘மனிதர்’ என்பதை உயிரினத்துக்கும் வரையறுத்துக்கொள்வதே மொழிபெயர்ப்பாளர்க்குத் தக்க நெறியாகும்.