துப்பாக்கிச் சொற்களும் கொல்லர் தொழிலும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிற் பிறந்து, பிறமொழிகளின் வழியாகத் தமிழிற் புகுந்தது. ஆயின் அதன் உறுப்புகளை நோக்குமிடத்து, குழல், கட்டை, குதிரை எனத் தமிழர் நாவில் முன்னரே பயின்ற சொற்களையே காண்கின்றோம். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பாய்ந்து தீயெழுப்பும் உறுப்பே குதிரை எனப்பட்டது. கருவியை வாங்கி வைத்திருப்பார்க்கு முழுப்பெயர் ஒன்றே போதும். கழற்றிப் பூட்டுவார்க்கே உறுப்புதோறும் பெயர் வேண்டும். ஆகலின், இப்பெயர்களுட் சில பட்டறைகளிற் பிறந்திருத்தல் கூடும் எனக் கருதுகின்றோம்.

அப்பட்டறைகளுக்கு நேர்ந்தது யாது? காரைக்குடிக்குத் தொலைவில்லாத திருப்பத்தூரில், 1801 அக்டோபர் 24-இல் மருது உடன்பிறந்தார் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 1-இல், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிக்கை தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் ஏந்துவதைத் தடுத்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமமின்றிப் படைக்கலம் செய்தலை விலக்கிற்று. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பழுது பார்த்தற்கும் உரிமம் வேண்டிற்று. உரிமம் பெற்றார் சிலரிடத்தன்றி, மாணாக்கன் ஒருவன் தன் முதற் கைத்துப்பாக்கியைச் செய்து தொழில் பயிலும் வழி அடைபட்டது.

கைத்தொழில் மறையினும் அதன் சொற்கள் உடனே மறைவதில்லை. செட்டிநாட்டுக் கொல்லுலைகளில் எஞ்சியுள்ள உறுப்புப் பெயர்களை முதியோர் வாய்க் கேட்டு ஆய்வு மாணாக்கர் விரைந்து தொகுப்பாராயின், ஏட்டில் ஏறாத ஒரு தொழில் வரலாறு வெளிப்படும்.