லேபிள் ஒட்டிய ஊர்

1922. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். எதற்கு? தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள! எட்டு மாதம் தங்கித் தொழில் பழகி, ஊர் திரும்பினார்கள்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அச்சு இயந்திரங்கள் வந்தன. லேபிள் அடித்த ஊர், காலண்டரும் அடித்தது. டி.வி. வருவதற்கு முன்பே நம் வீட்டுச் சுவரில் முருகனையும் லட்சுமியையும் 'ஒளிபரப்பிய' ஊர் சிவகாசிதான்!

லேபிள் ஒட்டிய கைகளில் எத்தனையோ பிஞ்சுக் கைகள். அது கசப்பான பக்கம். தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயது நிரம்பாதவர்கள் கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது.

2019-ல் அரசே 'கல்வி தொலைக்காட்சி' ஆரம்பித்தது. பாடம் பார்க்க அது சரி. கேமரா பிடிக்க, குரல் பதிய, எடிட் பண்ண? விருதுநகர் மாவட்டத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதையும் பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிடலாமே. கல்கத்தா வரை போகச் சொல்வானேன்?