தாம்பூலமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்தது தேற்றாத்தீவு. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டையை நினைவூட்டும் பெயர் அது. அயலூராகிய களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போனது. விருந்தினர் முன் வெற்றிலை வட்டா வைக்காத வீடு, மரியாதை அறியாத வீடு என்றே இப்பகுதியில் எண்ணப்பட்டு வந்தது. உண்டது செரிக்கவும், வாய் மணக்கவும், பல் உறுதிப்படவும் தாம்பூலமே மருந்து என்பது நம் முன்னோர் கொள்கை. வாய்க்கும் வயிற்றுக்கும் நன்மை செய்வதாக நம்பப்பட்ட அப்பொருள், அவ்விரண்டையும் இணைக்கும் குழாயைக் கெடுப்பது எவ்வாறு அறியப்பட்டது?

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றும் நம்மிடையே பழையன. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681-ல் வெளிவந்த தமது நூலில் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளார். நான்காவதாகச் சேர்ந்த புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் வருகையோடு வந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் அவ்வாணிபத்தில் வருவாய் கண்டனர். வயலிலும் தோணியிலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைப்பவர் பசியையும் களைப்பையும் மறக்க வாயில் அடக்கிய துண்டு, ஆள்வோரின் கருவூலத்துக்குத் தீர்வையாகவும் சென்றது. மக்களின் அறியாமையைப் பழிக்கும் கனவான்கள் இந்த வரலாற்றைப் பேசுவதில்லை.

அதே திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரி வைத்தியர் ஐ. எம். ஓர், தாம்பூலம் மெல்லுவோரின் வாய்ப்புற்றுநோய் பற்றிய தம் ஆய்வை 1933-ல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். இலங்கையில் ஸ்டீபன், ஊறகொட என்னும் வைத்தியர் இருவர் 1970-ல் வெளியிட்ட கட்டுரை, வாயைக் கடந்து உணவுக்குழாய்க்குச் சென்றது. அங்கு தோன்றும் புற்றுக்கும் வெற்றிலை மெல்லும் வழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. சாறு முழுவதும் படிக்கத்தில் விழுவதில்லை அல்லவா? விழுங்கப்படும் பகுதி அக்குழாயின் வழியாகத்தான் இறங்குகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை 1985-லும், பாக்கையே தனியாக 2004-லும் புற்றுநோய் விளைப்பன என அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும் உணவுக்குழாயைத் தாக்கும் என்பது 2012-ல் வெளியான அதன் தொகுதியில் உறுதியாயிற்று. இதில் குற்றவாளி களுதாவளைக் கொடிக்காரரின் இலையன்று, பாக்கும் புகையிலையுமே.

வாயின் கதை இதனோடு முடியவில்லை. சீனத்து லின்சியன் பகுதி உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்த ஏழை உழவர் நாடு. அங்கு ஏறத்தாழ 30,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வாளர், பற்களை இழந்தவரிடையே இந்நோய் கூடுதலாக இருப்பதை 2001-ல் எடுத்துரைத்தனர். பல் விழுந்தவர்க்கெல்லாம் புற்று வரும் என்பதன்று இதன் பொருள். பராமரிப்பற்ற வாயில் பெருகும் கிருமிகள் ஊறு விளைக்கும் பொருள்களை உண்டாக்குகின்றன என்பது ஒரு விளக்கம். வறுமையும் ஊட்டக்குறைவும் பல்லையும் குழாயையும் ஒருங்கே தாக்குகின்றன என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே இயங்குவதாக நாம் கருதுகிறோம்.

இரைப்பையின் பங்கு வேறு வகையானது. மேலெழும் அமிலம் குழாயின் கீழ்ப்பகுதியைப் புண்ணாக்கி, அதன் உட்படையையே மாற்றிவிடும். இம்மாற்றம், 1950-ல் அதுபற்றி எழுதிய ஆங்கில அறுவை வைத்தியர் பாரெட்டின் பெயரால் வழங்குகிறது. நீடித்த நெஞ்செரிவு இவ்விடத்துப் புற்றுக்கு வழிவகுப்பதை 1999-ல் சுவீடன் ஆய்வு நிறுவியது. இரைப்பைப் புற்றுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமி உள்ளவரிடம் இவ்வகைப் புற்று குறைவாகவே காணப்படுவது விந்தை. செல்வ நாடுகளில், பருத்த உடலோடு சேர்ந்து பெருகியது இந்த வகையே. இலங்கையில் பெரும்பான்மையானது குழாயின் இயல்பான மேற்படையில் தோன்றும் மற்ற வகை. அதன் காரணங்கள் வாய்வழி வருவன. பாடநூல்கள் வாயை ஓர் அத்தியாயத்திலும் இரைப்பையை வேறோர் அத்தியாயத்திலும் பிரித்து வைத்தாலும், நோய் அப்படிப் பிரிந்து நிற்பதில்லை.

பல்லாண்டு நீடிக்கும் நெஞ்செரிவை வைத்தியரிடம் காட்டவேண்டும். விழுங்கிய உணவு நெஞ்சில் தடைபடுவதாகத் தோன்றினால் காலந்தாழ்த்தலாகாது. இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை. சோறு இறங்காதபோது கஞ்சிக்கு மாறி, கூலிநாள் கெடுமே என்று பொறுத்திருந்து, அக்கஞ்சியும் இறங்காத நிலையில் ஆஸ்பத்திரிப் படியேறுபவரின் குழாய் அதற்குள் பெரும்பகுதி அடைபட்டிருக்கும்.