நரம்புச் சிலந்தியும் ஊர்க்கிணறும்: அடிப்படை நலப்பணியாளரின் சூழலறிவு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயர், அந்நோயை அவர்கள் எங்கே கண்டனர் என்பதைக் காட்டும். தமிழில் 'நரம்புச் சிலந்தி' என வழங்கப்பெற்ற நோய் இதற்குத் தக்க சான்றாகும். 'சிலந்தி' என்னும் சொல் எட்டுக்கால் பூச்சியை மட்டுமன்றிக் கட்டியையும் புண்ணையும் குறிக்கும். காலில் கட்டி தோன்றி உடைந்து, அதனின்று நரம்பு போன்ற வெண்ணிறப் புழு வெளிப்படுவதால் இப்பெயர் அமைந்தது எனலாம். பெயரில் நரம்பு உண்டு, புண் உண்டு, நீர் இல்லை. ஆயினும் இந்நோய் குடிநீர் வழியே பரவுவது. உடலில் கண்ட நோயை ஊர்க்கிணற்றில் காண இந்திய நலப்பணியாளர் கற்றுக்கொண்ட வரலாற்றையும், அவ்வறிவு பின்னர் அடைந்த நிலையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையமும் சூழலும்

1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பெற்ற குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. நோய் தீர்த்தலோடு நோய் தடுத்தலையும் ஒரே அமைப்பில் இணைக்க வேண்டும் என்பதும், குடிநீர், குடியிருப்பு, கழிவகற்றல் ஆகியவற்றை நலவாழ்வின் கூறுகளாகக் கொள்ள வேண்டும் என்பதும் அக்குழுவின் அடிப்படைக் கருத்துகள். 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. எனினும், நடைமுறையில் குடிநீர் ஒரு துறையிடமும் நோய் வேறொரு துறையிடமும் இருந்தன. அறிக்கையில் ஒன்றாக எண்ணப்பெற்றவை அலுவலகத்தில் இரண்டாகப் பிரிந்தன. இவ்விரண்டுக்கும் இடையில் நின்றவர் ஊர்தோறும் சென்ற கடைநிலைப் பணியாளரே.

சுவருக்குள் சுருங்கிய சூழல்

மலேரியா ஒழிப்பு வரலாறு இப்பிரிவின் விளைவை நன்கு காட்டுகிறது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் மெய்ப்பித்தார். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. வீட்டின் உட்சுவரில் டி.டி.டி. தெளிப்பதே பணியாளரின் முதன்மைக் கடமையாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடி என மதிப்பிடப்பட்ட நோயாளர் எண்ணிக்கை 1965இல் ஒரு லட்சம் அளவிற்குக் குறைந்தது. இஃது அரிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால் 1976இல் எண்ணிக்கை 64 லட்சத்தைக் கடந்தது. கொசுக்கள் மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் ஆற்றல் பெற்றமை, மருந்து உரிய காலத்தில் கிடைக்காமை, அடிப்படை நலப்பணிகளின் நலிவு முதலியன இதற்குக் காரணங்களாகக் கூறப்பெறும். இவற்றுடன் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். தெளிப்பாளரின் பார்வையில் சூழல் என்பது நான்கு சுவராகச் சுருங்கியிருந்தது. வாய்க்கால், வயல், தேங்குநீர் ஆகியவற்றை அவர் நாள்தோறும் கடந்து சென்றார். ஆனால் அவற்றைக் குறித்துக்கொள்ளும் பணி அவருக்கு இல்லை.

நோயிலிருந்து நீருக்கு

நரம்புச் சிலந்தி இதற்கு மாறான நிலையை உருவாக்கியது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. புண்ணுள்ளவர் நீரில் கால் வைக்கும்போது புழு தன் இளம்புழுக்களை நீரில் விடுகிறது. சைக்ளோப்ஸ் என்னும் நுண்ணிய நீருயிர் அவற்றை உட்கொள்கிறது. அந்நீரைப் பருகுவோர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழு வெளிவருகிறது. சைக்ளோப்ஸின் பங்கினை உருசிய அறிஞர் ஃபெட்சென்கோ 1870இல் கண்டறிந்தார். மக்களோ, வெளிவரும் புழுவைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்கும் முறையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

தேசிய நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் 1983-84இல் தொடங்கியது. 1984இல் ஆந்திரப் பிரதேசம், இராசஸ்தான், கர்நாடகம், குசராத்து, தமிழ்நாடு, மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய 7 மாநிலங்களின் 89 மாவட்டங்களில், 12,840 ஊர்களில் ஏறத்தாழ 40,000 நோயாளர் கணக்கிடப்பெற்றனர். பணியாளர் வீடுவீடாகச் சென்று நோயாளரைத் தேடுதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல், நீரைத் துணியால் வடிகட்டிப் பருகச் சொல்லுதல், கிணற்றில் டெமிஃபாஸ் இடுதல், படிக்கிணறுகளைக் கால் நனைக்காமல் நீர் இறைக்கும் கிணறுகளாக மாற்றுதல், அடிபம்பு அமைத்தல் என்பன திட்டத்தின் கூறுகள். இறுதி நோயாளர் 1996 சூலையில் இராசஸ்தானின் சோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000 பிப்ரவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது.

பணி கற்பித்த அறிவு

இத்திட்டத்தில் பணியாளர் பெற்ற அறிவின் தன்மையை அப்பணியின் இயல்பிலிருந்தே உய்த்துணரலாம். முதலாவது, கால உணர்வு. இன்று காணும் புண் சென்ற ஆண்டு பருகிய நீரின் விளைவு. ஆகவே 'இப்போது எங்கே நீர் எடுக்கிறீர்கள்?' என்ற வினா போதாது. 'சென்ற கோடையில் எங்கே எடுத்தீர்கள்?' என்று வினவ வேண்டும். திருமணத்திற்குச் சென்ற ஊர், கூலிக்குச் சென்ற ஊர் ஆகியனவும் நோயின் வரலாற்றில் இடம்பெறும்.

இரண்டாவது, சமூக உணர்வு. எந்தத் தெருவார் எந்தக் கிணற்றில் நீர் எடுப்பர், எவருக்கு எந்தக் கிணறு மறுக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமல் நோயின் வழியை அறிய இயலாது. நீரின் பாதையும் சாதியின் பாதையும் இங்கே ஒன்றாகின்றன. நீர் சுமப்போர் பெரும்பாலும் பெண்கள் ஆதலின், வடிகட்டும் துணியின் பயன் அவர்களது இசைவையே சார்ந்திருந்தது.

மூன்றாவது, மக்களது தெரிவிற்கான காரணத்தை உணர்தல். அடிபம்பின் நீர் உவர்த்தாலோ, பம்பு பழுதுபட்டாலோ மக்கள் பழைய படிக்கிணற்றையே நாடுவர். இதனை 'அறியாமை' எனக் கொள்வது மேலோர் வழக்கம். பம்பு பழுதான நாளையும் அது சீரான நாளையும் அறிந்த பணியாளர் அவ்வாறு கொள்ள இயலாது. படிக்கிணறு பயண வழியின் நிழலாகவும் வழிபாட்டிடமாகவும் முன்னோர் அறச்செயலாகவும் விளங்குவது. அதன் படிகளை அடைப்பதற்கு ஊராரிடம் இசைவு பெறுவது மருத்துவ அறிவால் மட்டும் கைகூடுவதன்று.

வெற்றிக்குப் பின்

படிக்கிணற்றிற்கு மாற்றாக நிலத்தடி நீர் வந்தது. இராசஸ்தான், ஆந்திரம் முதலிய பகுதிகள் சிலவற்றின் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்துள்ளது. அந்நீரைத் தொடர்ந்து பருகுவதால் பற்கள் கறைபடும். எலும்புகள் இறுகி உடல் வளையும். 2008-09இல் இதற்கெனத் தனியே ஒரு தேசியத் திட்டம் தொடங்க நேர்ந்தது. புழுவுக்கு அஞ்சி நாடிய நீர், அத்தகைய ஊர்களில் மற்றொரு நோய்க்கு வாயிலாயிற்று. இதனால் பழைய கிணற்றை மூடியது பிழை என்று முடிவு செய்தல் பொருந்தாது. நீரை நோய்க்கிருமியின் இருப்பிடமாக மட்டும் கண்டு, நீரின் முழு இயல்பையும் காணாமையே குறை. சூழலை ஒரு நோயின் அளவிற்குக் குறுக்கும்போது அடுத்த நோய் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுவரளவில் சுருங்கிய மலேரியாப் பணியிலும் இதுவே நிகழ்ந்தது.

முடிவுரை

2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஊர்தோறும் ஆஷா பணியாளரை அமர்த்தியது. 2019இல் தட்பவெப்ப மாற்றமும் மனித நலமும் பற்றிய தேசியத் திட்டம் உருவானது. இதன் பயிற்சிகளில், சூழலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மேலிருந்து கடைநிலைப் பணியாளருக்குக் கற்பிக்கும் போக்கே மேலோங்கும் எனில், மேற்கண்ட வரலாறு வீணாகும். அத்தொடர்பை ஊர் ஊராக நடந்து அறிந்த ஒரு தலைமுறை நம்மிடையே இருந்தது. அவர்கள் எண்ணிய நோயாளர் எண்ணிக்கை ஆவணமாயிற்று. அவர்கள் கேட்ட வினாக்களும் பயன்படுத்திய சொற்களும் ஆவணமாகவில்லை.

அப்பணியாளர்கள் இன்று ஓய்வு பெற்று முதுமை எய்தியுள்ளனர். கிணற்றின் வகை, நீரின் சுவை, புண்ணின் நிலை ஆகியன குறித்து அவர்கள் வழங்கிய சொற்களை அவ்வம்மொழித் துறைகள் தொகுத்தல் வேண்டும். அது மருத்துவத் துறையின் பணியன்று என ஒதுக்கினால், மொழித்துறைக்கும் அஃது உரியதன்று எனக் கூற இயலாது. நரம்புச் சிலந்தி என்னும் நோய் இந்நாட்டில் இன்று இல்லை. சொல் மட்டும் அகராதியில் நிற்கிறது. அச்சொல்லிற்குப் பொருள் எழுதும்போது, புண்ணோடு கிணற்றையும் சேர்த்து எழுதுவதே அப்பணியாளர்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.