சேப்பாக்கத்தில் பூட்டிக் கிடந்த 12,000 இருக்கைகள்

வகுப்பில் ஒரு தொழில் திட்டம் எழுதச் சொன்னார்கள். எங்கள் வளப்பூர் நாட்டில், ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் கிடக்கும் குப்பையைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் பெரிய ஸ்டேடியங்களைப் பராமரிக்கும் தொழிலையே எடுத்துக்கொண்டேன். ஆள் கூலி, தண்ணீர், மின்சாரம் என்று கணக்கும் போட்டுவிட்டேன். சேப்பாக்கத்தின் வரலாற்றைப் படித்ததும் கணக்கு தலைகீழானது.

1916-ல் உருவான மைதானம் அது. 1934-ல் அங்கே முதல் டெஸ்ட் நடந்தது. 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். 2011-ல் புதுப்பித்தபோது ஐ, ஜே, கே என்று மூன்று புது ஸ்டாண்டுகள் எழுந்தன. சுமார் 12,000 இருக்கைகள்! ஆனால் பக்கத்து கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே விதிப்படி இடைவெளி இல்லை என்று சிக்கல் வந்தது. 2012-க்குப் பிறகு அவை பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்குத்தான் மறுபடி ரசிகர்கள் அங்கே உட்கார்ந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆள் உட்காராத இருக்கையிலும் வெயில் அடிக்கும், கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். டிக்கெட் காசு மட்டும் வராது. ஆட்டம் வருஷத்தில் சில நாள். பராமரிப்போ 365 நாள்.

அதனால் என் திட்டத்தின் முதல் பக்கத்தில் இப்போது துடைப்பம் இல்லை, இரண்டு கேள்விகள்தான். கட்டடத்துக்கு அனுமதிச் சான்றிதழ் இருக்கிறதா? ஆட்டம் இல்லாத நாளுக்குக் கூலி யார் தருவார்? பதில் கிடைக்காத இடத்தில் ஒப்பந்தம் போடுவதாக இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?