மாப்பா

இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டி (1940–1994) ஆப்கானியப் பெண்களைக் கொண்டு தைப்பித்த உலக வரைபட வரிசை. ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள்ளும் அதன் தேசியக் கொடி நூலால் நிரப்பப்பட்டிருக்கும். 1971 முதல் அவர் இறக்கும்வரை ஏறக்குறைய 150 படங்கள் உருவாயின.

இதன் வித்து 1967-இல் விழுந்தது. அரபு–இஸ்ரேல் ஆறு நாள் போர் முடிந்த கையோடு, நாளிதழில் வந்த போர்ப்பகுதி வரைபடத்தின் புறக்கோட்டை மட்டும் போயெட்டி செப்புத் தகட்டில் எடுத்தார். ஊர்ப்பெயர் இல்லை, செய்தி இல்லை. சண்டைக்குக் காரணமான கோடு மட்டும். 1969-இல் அச்சிட்ட உலகப் படம் ஒன்றில் நாடுகளின் மேல் கொடிகளைத் தீட்டினார். 1971-இல் காபூலுக்குப் போய், அங்கே ‘ஒன் ஹோட்டல்’ என்ற விடுதியைத் தொடங்கியபின் அந்த யோசனை துணிக்கு ஏறியது.

கோடுகள் இத்தாலியில் வரையப்படும். தையல் காபூலில் நடக்கும். பெரிய படம் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். உலகம் அதுவரை காத்திருக்காது. தொடக்கப் படங்களில் அங்கோலா, மொசாம்பிக் மீது போர்ச்சுகல் கொடி இருந்தது. 1975 விடுதலைக்குப்பின் அது மறைந்தது. வடக்கே பரந்து கிடந்த சோவியத் சிவப்பு 1991-க்குப்பின் உடைந்தது. எல்லையையும் கொடியையும் தான் தேர்ந்தெடுக்கவில்லை என்பது போயெட்டியின் நிலைப்பாடு. அரசுகளின் முடிவு கலைஞரின் கருத்துரை இல்லாமல் அப்படியே துணியில் பதிவதுதான் இப்படங்களின் வலு.

1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததும் வேலை தடைப்பட்டது. பாகிஸ்தானின் பெஷாவரில் தஞ்சமடைந்த ஆப்கானியப் பெண்கள் 1980-களில் அதைத் தொடர்ந்தார்கள். தம்மை விரட்டிய நாட்டின் கொடியையும் அவர்களே தைத்தார்கள்.

கடல் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கம் தைத்த பெண்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஒருமுறை கையில் நிறைய இருந்த இளஞ்சிவப்பு நூலாலேயே கடலை நிரப்பி அனுப்பினார்கள். போயெட்டிக்கு அது மிகவும் பிடித்துப்போய், கடலின் நிறத்தை அதன்பின் அவர்களிடமே விட்டுவிட்டார். பல படங்களின் ஓரத்தில் இத்தாலிய எழுத்துகளோடு பாரசீக எழுத்துகளும் ஓடுகின்றன.

ஆண்களான அயலார் பெண்களைச் சந்திக்க ஊர் வழக்கம் இடம் தராததால், எல்லாம் இடையாட்கள் வழியாகவே நடந்தது. இதனால் தைத்தவர்கள் வெளியே தெரியாமலே போனார்கள். 2011–12-இல் மாட்ரிட், லண்டன், நியூயார்க் நகரங்களில் நடந்த பெரும் கண்காட்சியும் போயெட்டியின் பெயரில்தான். தைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகவில்லை. இவ்வரிசையின் வரலாற்றில் இது பெரிய இழப்பு.