நொக்ஸ் கண்ட இரண்டு மழைகள்

றொபேர்ட் நொக்ஸை இலங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது காற்றுத்தான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் நின்ற 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கிப் பெரும் பாய்மரத்தை இழந்தது. வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு நல்ல ஒதுக்கிடம் கிடையாது. ஆகவே, அதனைச் செப்பனிடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். 1660 இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பித்தானையும் அவரது 19 வயது மகனையும் பிடித்துச் சென்றனர். தகப்பன் மறு ஆண்டே நோயில் மாண்டார். மகன் 19 ஆண்டுகள் கைதியாக இருந்தார்.

1681 இல் லண்டனில் வெளியான அவரது நூலை அரசியல் வரலாற்றுக்காகவும் அக்கால வழக்கங்களுக்காகவும் பலர் புரட்டுவதுண்டு. என்னைக் கவர்ந்தவை, நேயர்களே, மழை பற்றி அவர் எழுதிய சில வரிகளே. மேல்காற்று வீசினால் மேற்கே மழை, கிழக்கே வெயில்; கீழ்காற்று வீசினால் இது தலைகீழாகும். ஒரு மலையின் இப்புறம் நனைந்து நடந்தவர், அப்புறம் சென்றதும் சுடுதரையில் வெறுங்காலுடன் கால் வைக்க முடியாமல் தவித்திருக்கிறார்.

கருவி எதுவுமில்லாத ஒரு கைதியின் பாதங்கள் அறிந்த உண்மை இது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளில் ஏறிக் குளிர்ந்து மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. அங்கே சில இடங்களில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். மலையைக் கடந்து இறங்கும் அதே காற்று வரண்டு, வெம்மையாகி, மட்டக்களப்பில் கச்சான் என்று பெயர் பெறுகிறது. (நாம் கொறிக்கும் கச்சானுக்கும் இதற்கும் உறவுண்டா என்பதை மொழியறிஞர்தான் சொல்லவேண்டும்.) அந்த மாதங்களில் மன்னார்ப் பக்கமும் காய்ந்து கிடக்கும். வட, கீழ்ப் பகுதி உழவன் காத்திருப்பது ஒக்டோபருக்குப் பின் வரும் மாரிக்காகவே.

நொக்ஸின் விடுதலையும் இந்த வானத்தின் கையில்தான் இருந்தது. தொப்பி பின்னி விற்றும், சில்லறைச் சாமான் சுமந்தும் வடக்கே போய்வந்து வழிகளை அறிந்துகொண்டார். ஆனால் சில ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தது. காட்டுவழியில் குடிக்க நீரின்றி எப்படிப் போவது? தப்பும் எண்ணம் தள்ளிப்போயிற்று. கடைசியில் 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் புறப்பட்டார். அநுராதபுரத்தைக் கடந்து, நாம் அருவியாறு என்று அழைக்கும் மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு நடந்து, ஒக்டோபர் 18 ஆந் திகதி அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தனர். இன்னும் ஒரு மாதம் தாமதித்திருந்தால், மாரி வெள்ளம் அந்த ஆற்றங்கரைப் பாதையை மூடியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.